கேமராவுல ஒரு கலர், கம்ப்யூட்டர்ல ஒரு கலர் - யாரை நம்புறது?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு ஒரு பழைய பஞ்சாயத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன். கையில கேமரா வச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது புலம்பின விஷயம்தான். "எடுக்கும்போது கேமராவுல சூப்பரா இருந்துச்சுங்க, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா சப்புன்னு இருக்கு."

முதல்ல எங்க அம்மாவைப் பத்திச் சொல்லிடறேன். அம்மாகூட ஜவுளிக்கடைக்குப் போனா ஒரு காட்சி கட்டாயம் உண்டு. நாப்பது சேலையைப் பிரிச்சுப் போட்டு, ஒண்ணைப் பிடிச்ச பிறகு, "கொஞ்சம் வாசலுக்குக் கொண்டுபோய் பாத்துட்டு வரேன் தம்பி" என்பார். கடைப்பையன் சேலையைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே வருவான். உள்ளே விளக்கு வெளிச்சத்துல கத்திரிப்பூ கலரா தெரிஞ்சது, வெயில்ல வந்ததும் நீலமா நிக்கும். அம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். "பாத்தியா?"

சின்ன வயசுல எனக்கு அது மானம் போகிற விஷயமா இருந்தது. இப்போ யோசிச்சா, கலர் மேனேஜ்மென்ட்னு பெரிய பெரிய புத்தகம் போட்டு விளக்கறதுல பாதியை அம்மா அந்த வாசப்படியிலயே சொல்லிட்டாங்கன்னு தோணுது. எந்த வெளிச்சத்துல பார்க்கிறோம்னு முதல்ல முடிவு பண்ணு, அப்புறம் கலரைப் பத்திப் பேசு. அவ்வளவுதான்.

இதை நான் புரிஞ்சுக்கிட்ட விதம்தான் கொஞ்சம் வலிக்கிற மாதிரி ஆயிடுச்சு.

2017ல எங்க பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம், திருநெல்வேலி பக்கம். வீட்டுல கேமரா வச்சிருக்கிற ஒரே ஜீவன் நான் என்பதால் போட்டோ பொறுப்பு என் தலையில். காலையில மண்டபத்து வராந்தாவுல, நிழல்ல, பெரியப்பாவை ஒரு நாற்காலியில உட்கார வச்சு நாலஞ்சு படம் எடுத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறு. பெரியப்பா நல்ல கருப்பு. அறுபது வருஷம் வயல்ல வெயில்ல நின்ன கருப்பு. கேமராவின் பின்பக்கத் திரையில பார்த்தேன், அப்படியே அச்சு அசலா இருந்தார். எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு :)

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். முதல் ஒரு செகண்ட் பளிச்னு தெரிஞ்ச படம், கண்ணு முன்னாடியே மங்கிப் போச்சு. சரி, கொஞ்சம் வெளிச்சத்தை ஏத்துவோம்னு ஏத்தினேன். மஞ்சளா இருக்கே, கொஞ்சம் நீலம் சேர்ப்போம்னு சேர்த்தேன். என் திரையில திருப்தியா வந்ததும் பிரிண்ட் போடக் கொடுத்துட்டேன். வந்த படத்தைச் சரியாப் பார்க்காமலே சட்டம் போட்டு பெரியம்மாகிட்ட கொடுத்துட்டு ஊருக்கு வந்துட்டேன்.

2019ல பெரியப்பா தவறிட்டார். கூடத்துல மாலை போட்டு மாட்டினது அந்தப் படத்தைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் உட்கார்ந்திருந்தப்ப பெரியம்மா படத்தையே பார்த்துக்கிட்டு மெதுவா சொன்னாங்க: "நல்லாத்தான் எடுத்திருக்க ஐயா. ஆனா இது உங்க பெரியப்பா கலரு இல்லயே."

நிமிர்ந்து பார்த்தேன். முகம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வேட்டி லேசா நீலம் பாரிச்சிருந்தது. சட்டத்துக்குள்ள யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

அன்னைக்கு ராத்திரி பஸ்ல வரும்போது முடிவு பண்ணேன், இது எங்க தப்பாச்சுன்னு கண்டுபிடிக்காம விடறதில்லைன்னு. கண்டுபிடிச்சதை வரிசையாச் சொல்றேன். உங்க வீட்டுலயும் இதே கதை நடந்திருக்கலாம்.

முதல் குற்றவாளி கேமராத் திரை. அது மூணு இஞ்சுத் திரை. சின்னதா இருக்கிறதால எல்லாமே கூர்மையா, கச்சிதமா தெரியும். சுத்தியிருக்கிற வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி நம்ம கண்ணும் மாறிடும். இதைவிட முக்கியமான விஷயம், நீங்க ரா ஃபைல்ல எடுத்தாலும் திரையில காட்டுறது ரா இல்லை. கேமரா தனக்குப் பிடிச்ச மாதிரி கான்ட்ராஸ்ட் ஏத்தி, கலர் ஏத்தி, உள்ளே ஒரு சின்ன ஜேபெக் பண்ணி வச்சிருக்கும். அதைத்தான் காட்டும். கூடவே காட்டுற ஹிஸ்டோகிராமும் அந்த ஜேபெக்கோடதுதான்.

அப்போ ரா என்பது என்ன? அது இன்னும் சமைக்காத அரிசி. 1976ல கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் காப்புரிமை வாங்கின ஒரு வடிகட்டிதான் இன்னிக்கும் பெரும்பாலான கேமராக்கள்ல இருக்கு. சென்சார்ல ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் சிவப்பு, பச்சை, நீலம் இதுல ஏதாவது ஒரே ஒரு கண்ணாடி. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, மீதிப் பாதியை சிவப்பும் நீலமும் பங்கு போட்டுக்கும். ஒரு புள்ளி ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மத்த ரெண்டையும் அக்கம் பக்கத்துல கேட்டு மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பணும். அதனால கலர் என்பது கேமராவுக்குள்ள முழுசா வந்து உட்கார்ந்த பொருள் இல்லை. யாராவது சமைச்சாத்தான் சோறு. கேமரா ஒரு கைப்பக்குவத்துல சமைக்குது, கம்ப்யூட்டர் மென்பொருள் இன்னொரு கைப்பக்குவத்துல சமைக்குது. அந்த முதல் செகண்ட் பளிச்னு தெரிஞ்சதே, அது கேமரா சமைச்ச ஜேபெக். அடுத்து மங்கினது மென்பொருள் தானே சமைச்சது. எதுவும் கெட்டுப் போகலை. இது தெரியாம நான் அதை "சரி பண்ண" ஆரம்பிச்சதுதான் முதல் தப்பு.

ரெண்டாவது குற்றவாளி என் லேப்டாப். 2008ல வாங்கினது. அந்தக் காலத்து லேப்டாப்கள்ல திரைக்குப் பின்னாடி பென்சிலைவிட ஒல்லியா ஒரு குழல் விளக்கு இருக்கும். வயசாக ஆக அது மங்கும், மஞ்சள் அடிக்கும். பத்து வருஷமா தினம் பார்க்கிற நமக்கு அது தெரியாது, வீட்டுச் சுவர் பழுப்பேறுவது தெரியாத மாதிரி. திரை மங்கலா இருந்ததால நான் படத்துல வெளிச்சத்தை ஏத்தினேன். திரை மஞ்சளா இருந்ததால படத்துல நீலத்தைக் கொட்டினேன். ஆக, என் திரையோட நோய்க்கு பெரியப்பாவுக்கு மருந்து கொடுத்திருக்கேன். பிரிண்ட்ல முகம் வெளுத்து, வேட்டி நீலமானது அதனாலதான்.

(புது மானிட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் இதுக்கு நேர்மாறா நடக்கும். கடையில பளிச்னு தெரியணும்னு வெளிச்சத்தை உச்சத்துல வச்சே வரும். அதுல பார்த்து எடிட் பண்ணினா பிரிண்ட் இருட்டா வரும். லேபைத் திட்டுவோம்.)

விலை குறைஞ்ச சில லேப்டாப் திரைகளை மேல இருந்து பார்த்தா ஒரு கலர், நேரா பார்த்தா ஒரு கலர். மயில்கழுத்துச் சேலை மாதிரி. ஊடும் பாவும் வேற வேற நிறமா இருக்கிறதால சேலைக்கு அது அழகு. திரைக்கு அது வியாதி.

மூணாவது, எண்களோட கதை. இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா நம்ம ஊர்க் கணக்குலயே சொல்லிடலாம். கம்ப்யூட்டருக்கு கலர் என்பது மூணு எண்தான். சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு. "மூணு படி அரிசி"ன்னு ஒருத்தர் சொன்னா நாம என்ன கேட்போம்? பெரிய படியா, சின்ன படியா? எண் ஒண்ணுதான், படி மாறினா அரிசி மாறிடும். அதே மாதிரிதான் இங்கேயும். 1996ல எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபின்னு ஒரு படியை முன்மொழிஞ்சாங்க. அந்தக் காலத்து டப்பா மானிட்டரை மனசுல வச்சு பண்ணினது. 1999ல அது சர்வதேசத் தரம் ஆச்சு. அடோபி ஆர்ஜிபின்னு 1998ல வந்தது கொஞ்சம் பெரிய படி, குறிப்பா பச்சைப் பக்கம். இப்போ நிறைய போன்கள்லயும் கம்ப்யூட்டர்கள்லயும் டிஸ்ப்ளே பி3ன்னு இன்னொரு பெரிய படி.

எந்தப் படியில அளந்தோம்னு ஃபைலுக்குள்ள ஒரு முத்திரை குத்தி அனுப்புற வழக்கம் இருக்கு, அதுக்குப் பேர்தான் ஐசிசி ப்ரொஃபைல். 1993ல சில கம்பெனிகள் கூடி ஆரம்பிச்ச ஏற்பாடு. படத்தைத் திறக்கிற மென்பொருள் முத்திரையைப் படிச்சா பிரச்சினை இல்லை. படிக்காம, பெரிய படியில அளந்த எண்ணை சின்ன படியில அளந்தா? அரிசி குறையும். படம் சோகையா தெரியும். "அடோபி ஆர்ஜிபி தான் உசத்தி"ன்னு எவரோ சொன்னதைக் கேட்டு கேமராவுல மாத்தி வச்சுட்டு, படம் மங்கலா இருக்குன்னு புலம்பின ஆட்களை எனக்குத் தெரியும். அதுல நானும் ஒருத்தன்.

நாலாவது, நம்ம கண்ணு. குண்டு பல்பு வெளிச்சம் சுமார் 2700 கெல்வின், நல்ல மஞ்சள். மானிட்டரின் வெள்ளைக்கு வச்சிருக்கிற தரம் சுமார் 6500 கெல்வின். ஆனா குண்டு பல்புக்குக் கீழேயும் வேட்டி நமக்கு வெள்ளையாத்தான் தெரியும், ஏன்னா மூளை உள்ளேயே கணக்கைச் சரி பண்ணிடும். 2015ல ஒரு கவுன் போட்டோ உலகத்தையே ரெண்டு கட்சியாப் பிரிச்சது ஞாபகம் இருக்கா? நீலம்-கருப்புன்னு ஒரு கூட்டம், வெள்ளை-தங்கம்னு ஒரு கூட்டம். நிஜத்துல அது நீலம்-கருப்புதான். படத்துல இருக்கிற வெளிச்சம் என்னன்னு ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி ஊகிச்சதுதான் சண்டைக்குக் காரணம். இந்த லட்சணத்துல ராத்திரி பதினோரு மணிக்கு, மஞ்சள் விளக்குல, நைட் லைட் ஆன்ல இருக்கிற திரையில தோல் நிறத்தைச் சரி பண்றவங்களை என்ன சொல்றது?

வெள்ளை வேட்டியை வச்சு ஒயிட் பேலன்ஸ் பண்ணலாம்னு சிலர் சொல்வாங்க. பண்ணாதீங்க. நம்ம வீட்டு வெள்ளைத் துணி வெள்ளையே இல்லை. சொட்டு நீலம் போட்டு அலசினது. சோப்புத்தூள்ல இருக்கிற வெளுப்பான் வேற வெயில் பட்டா நீலமா மின்னும். அதைத் தொட்டு "இதுதான் வெள்ளை"ன்னு சொன்னா, மென்பொருள் நீலத்தைக் கழிக்கிறேன்னு முகத்துல மஞ்சளைப் பூசிடும். அதுக்குன்னே சாம்பல் அட்டை கிடைக்குது. முதல் படத்துல அதைப் பிடிச்சு ஒரு கிளிக். வேலை முடிஞ்சது.

அஞ்சாவது குற்றவாளியைப் பத்திச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருது. அந்த பிரிண்ட் போட்ட லேபுக்குப் போய் கேட்டேன். மெஷின்ல இருந்த பையன் ரொம்ப சாதாரணமா சொன்னான்: "ஆட்டோ கரெக்‌ஷன் போட்டிருப்போம் சார். முகம் வெளுப்பா இருந்தாத்தான் கஸ்டமர் ஒத்துக்கறாங்க."

அவனை மட்டும் திட்டி என்ன பண்றது? இது ரொம்பப் பழைய கதை. ஃபிலிம் காலத்துல லேப்கள் கலர் சரிபார்க்க கோடாக் ஒரு அட்டை அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷர்லி அட்டை'ன்னு பேர். அவங்க தோல் சரியா வந்தா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். உலகத்துல மீதி இருக்கிறவங்க தோல்? அதுக்கு அட்டை இல்லை. லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். பல நிறத்துப் பெண்கள் இருக்கிற அட்டைகள் வர 1990கள் ஆச்சு. 2021ல கூகுள் தன் பிக்சல் 6 போன்ல 'ரியல் டோன்'னு ஒண்ணைக் கொண்டு வந்து, கருத்த தோலையும் சரியா எடுப்போம்னு விளம்பரம் பண்ணினாங்க. 2021ல! அதாவது, நம்ம நிறத்தை அப்படியே காட்டுறது ஒரு புது வசதியா விற்கப்படுற நிலைமைதான் இது வரைக்கும்.

மெஷினுக்கு இந்தப் பழக்கம் வெளியில இருந்து வந்தது. நமக்கு? நாமளே கேட்டு வாங்கறோம். கல்யாண ஆல்பத்துல பொண்ணு மாப்பிள்ளையை மாவுல முக்கி எடுத்த மாதிரி வெளுத்துத் தரச் சொல்றது யாரு? "கொஞ்சம் பிரைட்டா போட்ருங்க"ன்னு சொல்றோமே, அந்த ஒரு வார்த்தைக்குள்ள எவ்வளவு வருஷத்து வெட்கம் ஒளிஞ்சிருக்கு.

இப்போ என் கருத்துக்கு வரேன். "எது ஒரிஜினல் கலர்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. வெளிச்சம் மாறினா கலர் மாறும். ஆனா அதைச் சாக்கா வச்சுக்கிட்டு "எல்லாம் ஒண்ணுதான்"னு விட்டுட முடியாது. நாம ஒரு அளவுகோலைத் தேர்ந்தெடுக்கணும், அதை விடாம பிடிக்கணும். ஐம்பதாயிரத்துக்கு லென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி, கண்ணு முன்னாடி இருக்கிற திரையைச் சரி பண்ணுங்க. இல்லாட்டி கோணல் தராசுல தங்கம் நிறுத்த கதைதான்.

"எல்லாரும் போன்ல தானேப்பா பாக்கறாங்க, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி, நாம மட்டும் சரி பண்ணி என்ன ஆகப்போகுது?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு போன் கொஞ்சம் நீலம், இன்னொண்ணு கொஞ்சம் மஞ்சள், 'விவிட்' மோடுல இருக்கிறது எல்லாத்தையும் பளபளப்பாக்கும். உண்மைதான். ஆனா அதெல்லாம் ஒரு நடுப்புள்ளியைச் சுத்தித்தான் ஆடுது. உங்க படம் நடுவுல இருந்தா எந்தப் போன்லயும் கொஞ்சம்தான் விலகும். உங்க படமே ஒரு ஓரத்துல இருந்தா, அந்தப் பக்கம் சாயற போன்ல குடை சாஞ்சிடும். அடுத்தவங்க திரை நம்ம கையில இல்லை. நம்ம திரை நம்ம கையிலதானே இருக்கு?

நான் இப்போ பண்றது இவ்வளவுதான்:

- கேமராத் திரையின் வெளிச்சத்தை ஆட்டோவுல விடாம நடுவுல நிறுத்தி வச்சிருக்கேன். அதுல பார்க்கிறது ஃபோகஸ், கண்ணு மூடியிருக்கா, ஹிஸ்டோகிராம், இவ்வளவு மட்டும்தான். கலரைப் பார்த்து மயங்கறதில்லை.

- வெளியே கொடுக்கிற படம் எல்லாம் எஸ்ஆர்ஜிபிதான், முத்திரையோட. ரா மென்பொருள்ல கேமராவோட கைப்பக்குவத்தை ஒட்டின ப்ரொஃபைல் இருந்தா அதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

- மானிட்டர்ல எஸ்ஆர்ஜிபி மோட், நைட் லைட் ஆஃப். ஸ்பைடர் மாதிரி ஒரு அளவுக்கருவியை நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கி கைமாத்திக்கிறோம். வெளிச்சம் சுமார் 100, 120 கேண்டெலா அளவுல. கருவி இல்லாதவங்களுக்கு விண்டோஸ்லயே திரையின் கலரைக் கண்ணால பார்த்துச் சரி பண்ற வசதி உள்ளே இருக்கு. துல்லியம் இல்லை, ஆனா ஒண்ணுமே பண்ணாததுக்கு அது மேல்.

- பெரிய பிரிண்டுக்கு முன்னாடி ஒரு சின்ன பிரிண்ட், "எந்தக் கரெக்‌ஷனும் வேண்டாம்"னு எழுதிக் கொடுத்து. வந்ததும் அம்மா மாதிரி அதை வாசலுக்குக் கொண்டுபோய் பார்க்கிறேன்.

பழைய ரா ஃபைல் பத்திரமா இருந்தது. 2020 ஆரம்பத்துல அதை முதல்ல இருந்து திரும்பச் செஞ்சேன். வெளிச்சத்தை ஏத்தலை. நீலம் சேர்க்கலை. பெரிசா ஒண்ணுமே பண்ணலை என்பதுதான் உண்மை. சின்ன பிரிண்ட் ரெண்டு போட்டு வாசல்ல வச்சுப் பார்த்த பிறகு பெரிசு போட்டு, ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனேன்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. முந்தானையால சட்டத்துக் கண்ணாடியைத் துடைச்சாங்க, அதுல தூசியே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா ஐயா?"ன்னு கேட்டுட்டு அடுப்பங்கரைக்குள்ள போயிட்டாங்க. பழைய படத்தை அண்ணன் கழட்டி பீரோ மேல வச்சார்.

சரி மக்களே, ரொம்ப நீட்டிட்டேன். உங்க வீட்டுல மாட்டியிருக்கிற படங்களை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. அதுல இருக்கிறவங்க அந்த நிறத்துலதான் இருந்தாங்களான்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அப்படியே உங்க மானிட்டர்ல நைட் லைட் ஆன்ல இருக்கான்னும் பார்த்துடுங்க.

வர்ட்டா?